நாடி பிடித்த மந்திரி

ஏப்ரல் 6, 1882. ஜப்பானில் கிஃபு என்றொரு ஊர். கூட்டத்தில் பேசி முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார் இதாகாகி தைசுகே. அன்றைய அரசாங்கத்துக்கு ஆகாத ஆசாமி. பார்லிமெண்ட் வேண்டும், ஜனங்களுக்கு உரிமை வேண்டும் என்று கட்சி ஆரம்பித்து ஊர் ஊராக முழங்கிக்கொண்டிருந்தவர். திடீரென்று ஒருத்தன் கத்தியோடு பாய்ந்தான். பாய்ந்தவன் ரவுடி இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்.

தான் செத்தாலும் சுதந்திரம் சாகாது என்று ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே சொன்னாராம் இதாகாகி. நிஜமாகவே சொன்னாரா, மறுநாள் பத்திரிகைக்காரர்கள் சொல்லவைத்தார்களா என்பது இன்றுவரை பட்டிமன்றம். அது கிடக்கட்டும். நமக்கு வேண்டியவர் இதாகாகி அல்லர். காயத்துக்குக் கட்டுப் போட வந்த டாக்டர்.

வயது 24. நாகோயாவில் இருந்த மாகாண ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர். அந்த வயதில் நம்மில் பலர் ஹவுஸ் சர்ஜன் படியைக்கூட மிதித்திருக்க மாட்டோம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், அரசாங்கத்தின் எதிரிக்கு வைத்தியம் பார்க்கப் போனால் என்ன ஆகும்? வேலைக்கு உலை. ஆனாலும் கிளம்பிப் போனார். காயங்களைப் பார்த்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும், ‘என்ன ஐயா, உள்ளூரச் சந்தோஷம்தானே?’ என்கிற தொனியில் நோயாளியிடமே ஒரு போடு போட்டாராம். ‘இந்த ஆள் டாக்டராக இருப்பது வீண். அரசியலுக்கு வந்திருக்க வேண்டியவன்’ என்று இதாகாகி பிற்பாடு சொன்னதாகக் கதை.

டாக்டரின் பெயர் கோட்டோ ஷிம்பெய். இதாகாகி சொன்னதாகச் சொல்லப்படுவது பலித்தது. நன்றாகவே பலித்தது.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடுவோம். 1857-ல் வடகிழக்கு ஜப்பானில் மிசுசாவா என்ற ஊரில் பிறந்தவர் கோட்டோ. சாமுராய்க் குடும்பம்தான். ஆனால் தோற்ற கட்சி. 1868-ல் ஷோகன் ஆட்சி போய்ச் சக்கரவர்த்தியின் பெயரால் புது ஆட்சி வந்தபோது நடந்த உள்நாட்டுச் சண்டையில் இவர்கள் பகுதி எதிர்த்தரப்பில் நின்றது. தோற்றவனுக்கு அந்தஸ்தும் கிடையாது, சம்பளமும் கிடையாது. பையன் அரசு அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தான். அங்கே ஓர் அதிகாரிக்குப் பையனைப் பிடித்துப்போய்விட்டது. யசுபா என்று பெயர். அவர் தயவில் படிப்பு. பிற்பாடு அவருடைய பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார் கோட்டோ.

மருத்துவம் ஆசைப்பட்டுப் படித்த படிப்பு இல்லை. போகிற வழியில் கிடைத்த வண்டி. ஏறிக்கொண்டார். இத்தனைக்கும் வைத்தியமும் அரசியலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் இருந்தது. தகானோ சோயெய் என்று ஒரு சொந்தக்காரர். டச்சுக்காரர்களின் மருத்துவம் படித்தவர். ஷோகன் அரசை விமரிசித்து எழுதியதற்காகச் சிறைக்குப் போனார். சிறை தீப்பிடித்தபோது தப்பினார். அடையாளம் தெரியாமல் இருக்கத் தன் முகத்தைத் தானே மருந்து ஊற்றிப் பொசுக்கிக்கொண்டார். 1850-ல் சுற்றி வளைத்தார்கள். கதை முடிந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை இவர்.

இதாகாகி சம்பவத்துக்கு அடுத்த வருஷம், 1883-ல், உள்துறை அமைச்சகத்தின் சுகாதாரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஃபைலைத் தூக்கிய நாள் அதுதான்.

அந்தக் காலத்து ஜப்பானை நினைத்துப் பாருங்கள். 1879-ல் காலரா. லட்சம் பேருக்கு மேல் போனார்கள். 1886-ல் மறுபடியும் காலரா. மறுபடியும் லட்சத்துக்கு மேல். ஒரு டாக்டர் ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்தாலும் எத்தனை பேரைப் பார்ப்பார்? சாக்கடையையும் குடிதண்ணீரையும் சரிசெய்தால் ஊரே பிழைக்கும். அதைச் செய்யக்கூடியது அரசாங்கம் ஒன்றுதான். கோட்டோவின் மண்டையில் இது ஆணியாக இறங்கிவிட்டது. 1889-ல் ஒரு புத்தகமே எழுதினார். தேசம் என்பது உயிருள்ள ஓர் உடம்பு. அரசாங்கத்தின் வேலை அந்த உடம்பைப் பேணுவது. சுருக்கமாக இவ்வளவுதான் அவருடைய சித்தாந்தம். ஜெர்மனிக்குப் போய் ம்யூனிக்கில் டாக்டர் பட்டம் வாங்கி, 1892-ல் திரும்பி வந்ததும் சுகாதாரப் பிரிவுக்கே தலைவரானார்.

உடம்பு என்றால் ஒரு டாக்டரும் உண்டல்லவா? அந்த டாக்டர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு சினிமாக் கதை. சோமா என்ற பழைய பிரபுக் குடும்பத்தின் தலைவருக்குப் பைத்தியம் என்று சொல்லி அடைத்து வைத்திருந்தார்கள். சொத்துக்காகச் செய்த சூழ்ச்சி என்று கிளம்பினார் ஒரு விசுவாச ஊழியர். மனநோய் மருத்துவமனையிலிருந்து பிரபுவைக் கடத்திக்கொண்டு வந்து எங்கே வைத்தார் தெரியுமா? நம் கோட்டோ வீட்டில். பிரபு 1892-ல் இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று வழக்கு. பிரேதத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். விஷம் இல்லை. பொய்ப் புகாருக்குத் துணைபோனார் என்று 1893-ல் கோட்டோவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மறு வருஷம் நிரபராதி என்று விடுதலை. ஆனால் பதவி போனது போனதுதான்.

வேறொருவராக இருந்தால் பழையபடி கிளினிக் போட்டு உட்கார்ந்திருப்பார். கோட்டோவைக் காப்பாற்றியது ஒரு யுத்தம்.

1894-95-ல் ஜப்பான் சீனாவோடு மோதி ஜெயித்தது. ஜப்பான் தரப்பில் குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு. இப்போது லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பப் போகிறார்கள். கூடவே காலராவும் கப்பலேறி வரும். ராணுவத்தில் இந்தத் தலைவலி வந்து சேர்ந்த இடம், கொதாமா கென்தாரோ என்ற ஜெனரல். ‘ஜெயிலுக்குப் போய்வந்த ஒரு டாக்டர் இருக்கிறார், அவரை விட்டால் ஆள் இல்லை’ என்று ராணுவத் தலைமை டாக்டர் ஒருவர் சிபாரிசு செய்தார்.

ஹிரோஷிமாவுக்கு எதிரே நினோஷிமா என்று ஒரு குட்டித் தீவு. அங்கேயும் இன்னும் இரண்டு இடங்களிலும் இரண்டே மாதத்தில் பிரும்மாண்டமான கொட்டகைகள். துணிமணிகளை நீராவியில் வேகவைக்க பாய்லர்கள். வந்திறங்கும் ஒவ்வொரு சிப்பாயும் குளித்து, சோதிக்கப்பட்டு, அதன் பிறகுதான் வீட்டுக்கு. ஜெயித்து வந்தவர்களைக் கரையில் மாலையோடு நிற்கவிடாமல் பாய்லர் வாசலில் நிறுத்தினால் சும்மா இருப்பார்களா? தளபதிகள் கொதித்தார்கள். கொதாமா ஒரு வேலை செய்தார். ராஜ குடும்பத்து இளவரசரான தளபதியை முதல் ஆளாக உள்ளே போகவைத்துவிட்டார் என்பார்கள். அப்புறம் யார் வாய் திறப்பது? 2,30,000-க்கும் அதிகமானவர்கள் அந்தக் கொட்டகைகளைத் தாண்டிப் போனார்கள்.

வேலை முடிந்ததும் கொதாமா ஒரு பெட்டியைக் கோட்டோவிடம் கொடுத்தாராம். திறந்து பார்த்தால் உள்ளே மொத்தமும் கோட்டோவைத் திட்டி வந்த தந்திகள். அத்தனையையும் தானே வாங்கிப் பூட்டி வைத்திருந்திருக்கிறார் மனிதர். இப்படி ஒரு மேலதிகாரி கிடைத்தால் யாருக்குத்தான் வேலை ஓடாது?

இந்த ஜோடிதான் 1898-ல் தைவானுக்குப் போனது.

தைவான் அந்தச் சண்டையில் ஜப்பானுக்குக் கிடைத்த பரிசு. பரிசா அது? மலேரியா, பிளேக், மலையில் கலகக்காரர்கள், மூன்று வருஷத்தில் மூன்று கவர்னர் ஜெனரல்கள். செலவு மட்டும் டோக்கியோவின் தலையில். பேசாமல் பிரான்சுக்கு விற்றுத் தொலைத்தால் என்ன என்றுகூடப் பேச்சு அடிபட்டது. நாலாவது கவர்னர் ஜெனரலாக கொதாமா. சிவில் நிர்வாகம் முழுக்க கோட்டோ. கொதாமாவுக்கு டோக்கியோவில் மந்திரி வேலை, அப்புறம் ருஷ்ய யுத்தம் என்று அடுத்தடுத்து அழைப்பு. ஆக, தீவை நிஜமாக ஆண்டவர் டாக்டர்தான். எட்டு வருஷம்.

வந்ததும் முதல் மருந்து, ஜப்பானிய அதிகாரிகளுக்கு. தண்டச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பினார்.

அடுத்தது, பரிசோதனை. ஒரு தட்டை மீன் இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். நம் கடற்கரையில் நாக்கு மீன் என்பார்களே, அந்த ஜாதி. பார்க்க விகாரமாக இருக்கிறதே என்று ஒரு கண்ணைப் பிடுங்கி மறுபக்கம் வைத்தால் மீன் செத்துப்போகும். ஜனங்களின் பழக்கவழக்கமும் அப்படித்தான், அதற்கு ஒரு காரணம் இருக்கும், முதலில் அதைப் படி என்பது கோட்டோவின் புகழ்பெற்ற உவமை. படித்தார். நிலத்தை அளந்தார். பழைய வழக்கங்களை, சொத்துரிமை முறைகளைச் சட்ட நிபுணர்களை வைத்துத் தொகுத்தார். 1905-ல் தலைகளை எண்ணினார். ஜப்பானிலேயே முதல் முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1920-ல்தான். நோயாளிக்கு எடுத்த ஸ்கேனை டாக்டர் பதினைந்து வருஷம் கழித்துத்தான் தனக்கு எடுத்துக்கொண்டார்.

நான் பி.காம். படித்தவன். யாரைப் பற்றிப் படித்தாலும் பேலன்ஸ் ஷீட் எங்கே என்று தேடுகிற புத்தி. கோட்டோவின் தைவான் கணக்கைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் எழுந்து நின்று கும்பிடுவார். நிலத்தை அளந்தபோது ஏட்டில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான விளைநிலம் வெளியே வந்தது. அத்தனை நாளும் வரி கட்டாமல் ஒளிந்திருந்த நிலம். நிலவரி மூன்று மடங்கைத் தாண்டியது. உழுகிறவனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே உட்கார்ந்து குத்தகை தின்றுகொண்டிருந்த மேல்வாரக்காரர்களின் உரிமையை ரத்து செய்தார். சும்மா பிடுங்கவில்லை. ஈடாகக் கடன் பத்திரம் கொடுத்தார். இந்தக் கடன் பத்திரத்தையும் ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வரும்.

உப்பு, கற்பூரம், அபின் எல்லாம் அரசாங்க ஏகபோகம். தெற்கு வடக்காக ரயில். தைவான் வங்கி. கரும்புக்கு ஆலோசனை சொல்ல நிதோபே இனாசோ என்ற விவசாய நிபுணரைக் கூப்பிட்டார். சாமுராய் தர்மத்தைப் பற்றி இங்கிலீஷில் எழுதி உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான். உடம்பு சரியில்லாதவர். மத்தியானம் ஒரு மணிநேரம் தூங்கவிட்டால் வருகிறேன் என்றாராம். தாராளமாகத் தூங்குங்கள் என்றாராம் கோட்டோ. திட்டப்படி 1909 வரை டோக்கியோ கைக்காசு போட்டிருக்க வேண்டும். 1905-லேயே போதும் என்று சொல்லிவிட்டது தைவான்.

அபின் கதை தனி. ஜப்பானில் அபினுக்குக் கடுமையான தடை. தைவானிலோ வீட்டுக்கு வீடு புகை. ஒரேயடியாகத் தடை செய்தால் கலகம் வெடிக்கும். விட்டுவைத்தால் மானம் போகும். தைவானுக்கு வருவதற்கு முன்பே, ஆலோசகராக இருந்த காலத்திலேயே, கோட்டோ மூன்றாவது வழி சொன்னார். ஏற்கெனவே அடிமையானவனுக்கு லைசென்ஸ். அவன் மட்டும் அரசாங்கக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். புதிதாக யாரும் தொடக் கூடாது. பழையவர்கள் காலப்போக்கில் போய்ச் சேர, பழக்கமும் போய்விடும். வருகிற காசு சுகாதாரத்துக்கு. இந்தியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் மூலச் சரக்கு வந்தது. 1900-ல் லைசென்ஸ் வாங்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 1,69,000 பேர். எண்ணிக்கை வருஷா வருஷம் குறையத்தான் செய்தது. ஆனால் பொக்கிஷத்துக்கு அதில் ருசி கண்டுவிட்டதையும் மறுப்பதற்கில்லை. நோய் குணமாகக் குணமாக டாக்டருக்கு வருமானம் குறையும் என்றால் அந்த வைத்தியம் எப்படி நடக்கும்? கோட்டோ ஊரை விட்டுப் போய்ப் பல வருஷங்கள் கழித்து, 1929-ல், தைவான் அரசாங்கம் மறுபடியும் புது லைசென்ஸ் கொடுக்கக் கிளம்பியது. உலகச் சங்கத்துக்கே தந்தி அடித்து எதிர்த்தார்கள் தைவானியர்கள்.

முன்னால் நின்றவர் சியாங் வெய்ஷுய். அவரும் டாக்டர். எங்கே படித்தவர்? கோட்டோவின் காலத்தில், 1899-ல், தைபேயில் தொடங்கிய மருத்துவப் பள்ளியில். 1921-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, நோயாளிக் குறிப்பு வடிவத்திலேயே இருக்கும். நோயாளியின் பெயர்: தைவான். நோய்க் காரணம்: அறிவு ஊட்டச்சத்துக் குறைவு. மருந்து: பள்ளிக்கூடம், நூலகம், பத்திரிகை, எல்லாம் அதிகபட்ச அளவில். ஜப்பான்காரர் நாடி பிடித்துக்கொண்டே இருந்த கையை உதறிவிட்டு, நோயாளி தன் சீட்டைத் தானே எழுத ஆரம்பித்த தருணம் என்று இதைச் சொல்லலாம்.

உதற முடியாத காலத்தில் என்ன நடந்தது? அதைச் சொல்லாமல் கணக்கை முடித்தால் அது ஆடிட்டிங் இல்லை, ஜால்ரா.

1898 நவம்பரில் கொள்ளைக்காரர் தண்டனைச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆயுதம் ஏந்தி எதிர்ப்பவன் கொள்ளைக்காரன். முயற்சி செய்தாலே முழுக் குற்றம். மரண தண்டனை. பத்து வீட்டை ஒரு கட்டாகக் கட்டி, ஒருவன் தப்புச் செய்தால் மற்றவர்களும் பொறுப்பு என்ற பழைய சீன முறையைத் தூசி தட்டி எடுத்துப் போலீஸ் கையில் கொடுத்தார்கள். உள்ளூர் வழக்கத்தைப் படிப்பதில் இப்படியும் ஒரு பிரயோஜனம்! சரணடைந்தால் மன்னிப்பு என்றார்கள். பலர் வந்தார்கள். 1902 மே மாதம், சரணடையும் சடங்கு என்று கூப்பிட்டு, தௌலியூவிலும் சுற்றுப்புறத்திலும் வந்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். 1898 முதல் 1902 வரை கொல்லப்பட்ட ‘கொள்ளைக்காரர்கள்’ பத்தாயிரத்துக்கு மேல். எதிரிகள் கிளப்பிய எண் இல்லை இது. கோட்டோ தானே பின்னாளில் கொடுத்த கணக்கு. ஒளிக்கவில்லை. கூச்சப்படவும் இல்லை. கட்டி இருந்தது, அறுத்தேன் என்கிற தோரணை.

நாக்கு மீனின் கண்ணைப் பிடுங்கக் கூடாது என்று சொன்ன அதே ஆள்தான். மீன் துள்ளக் கூடாது, அவ்வளவே.

1906-ல் கொதாமா திடீரென்று இறந்தார். தெற்கு மஞ்சூரிய ரயில்வேயின் முதல் தலைவராக கோட்டோ போனார். பெயர்தான் ரயில்வே. ஆஸ்பத்திரி, ஹோட்டல், துறைமுகம், சுரங்கம், ஓர் ஆராய்ச்சித் துறை எல்லாம் சேர்ந்த ஒரு ராஜாங்கம். அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. 1908-ல் தகவல் தொடர்பு மந்திரி. 1916-ல் உள்துறை. 1918-ல் வெளியுறவு. ருஷ்யாவில் புரட்சி நடந்த சமயம் சைபீரியாவுக்குப் படை அனுப்பு என்று கத்தியவர்களில் இவரும் ஒருவர். அந்தப் படையெடுப்பில் காசும் உயிரும் போனதுதான் மிச்சம். அதே மனிதர் 1923-ல் சோவியத் தூதர் யோஃபேவைத் தன் சொந்த முயற்சியில் டோக்கியோவுக்கு அழைத்துச் சமாதானம் பேசினார். வலதுசாரிகள் வீடு புகுந்து அடித்தார்கள். எந்தக் கட்சியிலும் அடங்காத ஆள். அதனாலேயே கடைசி வரை பிரதமர் நாற்காலி கிடைக்கவில்லை.

1920 டிசம்பரில் டோக்கியோவின் மேயர். உள்துறையும் வெளியுறவும் பார்த்தவர் மேயர் வேலைக்கு எதற்கு வருகிறார் என்று ஊரே முழித்தது. அடுத்த வருஷமே ஒரு திட்டத்தை எடுத்துப் போட்டார். சாலை, சாக்கடை, துறைமுகம், பூங்கா. மொத்தம் 80 கோடி யென். நாட்டின் ஒரு வருஷ பட்ஜெட்டில் ஏறத்தாழப் பாதி! ஜப்பானில் ஃபுரோஷிகி என்று மூட்டை கட்டுகிற துணி உண்டு. ‘பெரிய ஃபுரோஷிகி விரிக்கிறான்’ என்றால், நம் ஊரில் ‘அளந்து விடுறான்’ என்போமே, அது. கோட்டோவுக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. திட்டம் அலமாரிக்குப் போனது. 1923 ஏப்ரலில் மேயர் பதவியை விட்டார்.

செப்டம்பர் 1, 1923. பகல் மணி 11:58. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிற நேரம். பூமி குலுங்கியது. குலுக்கலில் செத்தவர்களைவிடத் தீயில் செத்தவர்கள்தான் அதிகம். மர வீடுகள், முழங்கையை மடக்கினால் இடிக்கும் சந்துகள். ஹோஞ்ஜோ என்ற இடத்தில் ராணுவத் துணிக்கிடங்கின் காலி மைதானத்தில் தஞ்சம் புகுந்தவர்களில் சுமார் 38,000 பேர் அந்த ஒரே இடத்தில் கருகினார்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

புது மந்திரிசபை அமைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. மறுநாள் மாலை, அரண்மனைத் தோட்டத்தில் அவசர அவசரமாகப் பதவியேற்பு. உள்துறை மந்திரி, கோட்டோ ஷிம்பெய். வயது 66. அன்று ராத்திரியே உட்கார்ந்து நான்கு முடிவுகளை எழுதினார். தலைநகரை மாற்றக் கூடாது. மறுசீரமைப்புக்கு 300 கோடி யென் வேண்டும். மேல்நாட்டின் நவீன நகரத் திட்டமிடலைக் கையாள வேண்டும். நிலச்சொந்தக்காரர்கள் இதை வைத்துக் கொழுக்க விடக் கூடாது.

ஊர் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குள் ரோடு போடுகிறார் மனிதர். எனக்கு இந்த இடத்தில் புல்லரிக்கத்தான் செய்கிறது.

கூடவே வயிற்றையும் பிசைகிறது. அதே ராத்திரிதான் கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தி தெருத் தெருவாக ஓடிக்கொண்டிருந்தது. கும்பல்கள் மூங்கில் ஈட்டியோடு அலைந்தன. உச்சரிப்பு சரியில்லை என்றால் வெட்டு. போலீசும் ராணுவமும் அடக்கவேண்டிய வதந்தியைத் தாங்களே பரப்பின, சில இடங்களில் கொலையிலும் சேர்ந்துகொண்டன. ஆயிரக்கணக்கில் கொரியர்கள் செத்தார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அரசாங்கம் சில நூறு பேருக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. வதந்தி கிளம்பியது இவர் பதவியேற்கும் முன்புதான். ஆனால் பதவியேற்ற பிறகு போலீஸ் இவருடையது. கொலைகள் நிற்கவில்லை. அந்த நான்கு முடிவுகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நகரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சார்லஸ் பியர்டு என்ற சரித்திர ஆசிரியர். அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதிய மகான்களின் சொத்துக் கணக்கைத் தோண்டிப் பெயர் வாங்கியவர். மேயராக இருந்தபோதே கோட்டோ அவரை வரவழைத்து யோசனை கேட்டிருந்தார். இப்போதும் தந்தி பறந்தது. புதுச் சாலைகளுக்குக் கோடு போடு, அந்தக் கோட்டுக்குள் யாரையும் வீடு கட்ட விடாதே என்று பதில் வந்தது. கோட்டோ அதற்கும் ஒரு படி மேலே போனார். எரிந்த நிலம் அத்தனையையும் அரசாங்கமே வாங்கிவிடுவது. சாலை, பூங்கா போட்டபின் மிச்சத்தைத் திருப்பி விற்பது. வாங்கக் காசு? கடன் பத்திரம்!

ஞாபகம் வருகிறதா? தைவானில் மேல்வாரக்காரர்களுக்குக் கொடுத்த அதே மருந்து. அங்கே சீட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பார்லிமெண்டும் கிடையாது, பத்திரிகையும் கிடையாது. எதிர்த்தவன் கதி என்ன என்று பக்கத்து ஊரில் பார்த்திருந்தார்கள். டோக்கியோவில் நிலச்சொந்தக்காரர்கள் யார்? மறுசீரமைப்புக் கவுன்சிலில் இவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். இதோ மியோஜி என்ற மூத்த தலை. அரசியல் சட்டத்தை எழுதிய காலத்திலிருந்து இருப்பவர். கின்ஸாவில் நிலம் உள்ளவர். நவம்பரில் எழுந்து நின்று நீண்ட நேரம் பேசித் திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். சொத்துரிமை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது அவர் வாதம். அப்புறம் நிதியமைச்சகம். அப்புறம் பார்லிமெண்ட். 300 கோடி, 130 கோடி ஆகி, 70 கோடி ஆகி, கடைசியில் டிசம்பரில் தேறியது சுமார் 47 கோடி.

இதோ மியோஜி சுயநலக்காரர் என்று இரண்டு வரியில் திட்டிவிட்டுப் போகலாம். ஜப்பானியப் புத்தகங்கள் பலவற்றில் அவர்தான் வில்லன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எரிந்த நிலத்தில் கிடுகு கட்டி உட்கார்ந்திருக்கும் சின்னக் கடைக்காரனிடம், ‘இடத்தைக் கொடு, பத்திரம் தருகிறேன், பத்து வருஷம் பொறு’ என்றால் அவன் என்ன சொல்வான்? வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுக்கும் இருந்தது. அந்த உரிமைக்காகக் கத்திக்குத்து வாங்கியவருக்குத்தான் கோட்டோ இளம் வயதில் கட்டுப் போட்டார்.

டிசம்பர் 27 அன்று டோக்கியோவில் ஓர் இளைஞன் பட்டத்து இளவரசர் ஹிரோஹிடோவை நோக்கிச் சுட்டான். குறி தவறியது. பொறுப்பேற்று மந்திரிசபை மொத்தமும் ராஜினாமா. கோட்டோவுக்குக் கிடைத்தது நாலே மாதம்.

என்றாலும் நாலு மாதத்தில் கிளப்பிவிட்ட வண்டி நிற்கவில்லை. எரிந்த பகுதியில் ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரும் பத்து சதவீதம் வரை ஈடில்லாமல் விட்டுக்கொடுப்பது என்று ஏற்பாடு. கூச்சல், குழப்பம், கோர்ட்டு எல்லாம் நடந்தது. ஆனாலும் கொடுத்தார்கள். 1930-ல் வேலை முடிந்தபோது நேரான சாலைகள், சுமிதா நதியின் மேல் வரிசையாக இரும்புப் பாலங்கள், மூன்று பெரிய பூங்காக்கள், பள்ளிக்கூடத்தை ஒட்டி 52 சின்னப் பூங்காக்கள். இன்றைக்கு டோக்கியோவில் ஷோவா சாலையில் போகிறவர்கள் அவர் உபயத்தில்தான் போகிறார்கள். என்ன, அவர் கேட்டது நூறு மீட்டருக்கு மேல் அகலம். கிடைத்தது 44.

மார்ச் 10, 1945. அமெரிக்க விமானங்கள் ஒரே ராத்திரியில் அதே கிழக்கு டோக்கியோவை எரித்தன. மறுபடியும் லட்சம் பேர். அன்றைக்குச் சுடப்பட்டுத் தப்பிய இளவரசர், சக்கரவர்த்தியாகி வயதான பிறகு, 1983-ல் நிருபர்களிடம் பேசும்போது கோட்டோவின் திட்டம் முழுசாக நிறைவேறியிருந்தால் சேதம் குறைந்திருக்குமே என்று வருத்தப்பட்டார். யுத்தத்துக்கே போகாமல் இருந்திருந்தால் என்று யாராவது கேட்டிருக்கலாம்.

பதவி போனபின் கோட்டோ சும்மா உட்காரவில்லை. சாரணர் இயக்கத் தலைவர். டோக்கியோ வானொலி நிலையத்தின் முதல் தலைவர். எழுபது வயதில், இரண்டு முறை பக்கவாதம் வந்த உடம்போடு, பனிக்காலத்தில் மாஸ்கோவுக்குப் போய் ஸ்டாலினைச் சந்தித்துவிட்டு வந்தார். அந்தத் துப்பாக்கிச் சூட்டால் வேலை இழந்தவர்களில் ஷோரிகி மத்சுதாரோ என்ற போலீஸ் அதிகாரியும் உண்டு. 1924-ல் யோமியுரி என்ற நொடித்துப்போன பத்திரிகையை வாங்க நினைத்து கோட்டோவிடம் வந்து நின்றார். ஒரு லட்சம் யென் வேண்டும். கோட்டோ கொடுத்தார். எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. அந்தப் பத்திரிகை பின்னாளில் உலகத்திலேயே அதிகம் விற்கும் தினசரியானது.

1929 ஏப்ரலில் ஒகயாமாவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார் கோட்டோ. பால்வினை நோய்த் தடுப்புச் சங்கத்தின் கூட்டத்தில் பேசவேண்டும். வழியில் மூன்றாவது முறையாகப் பக்கவாதம் தாக்கியது. கியோட்டோவில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 13-ம் தேதி இறந்தார். அந்த ஒரு லட்சம் யென், வீட்டை அடமானம் வைத்து வாங்கியது என்ற விஷயம் ஷோரிகிக்கு அப்புறம்தான் தெரிந்தது. 1941-ல் அவர் கொடுத்த பணத்தில் மிசுசாவாவில் கோட்டோவின் பெயரில் ஒரு பொதுக் கூடம் கட்டினார்கள்.